முதலடி வாங்கியவரின் வலது காது

அந்த மரக்கிடங்கில் பதினெட்டு ஆண்டுகளில் நடந்த அடிதடிகள் மொத்தம் நாற்பத்தொன்று. சட்டைக் காலரைப் பிடித்துவிட்டு விட்டது, தகப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசியது எல்லாம் இதில் சேராது. ரத்தம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பல்லாவது விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதை அடிதடி என்று கிடங்கு ஒப்புக்கொள்ளும். இந்த நாற்பத்தொன்றிலும் முதல் அடி விழுந்தது ஒரே ஆள் மேல்தான். அவருக்குச் சம்பந்தமுள்ள சண்டை அதில் மூன்றே மூன்று. மீதி முப்பத்தெட்டில் அவர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அதனால் அவருக்கு முதலடி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

லாரி டிரைவருக்கும் கிரேன்காரருக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் வாய்த்தகராறு வந்தது. டிரைவர் சங்கிலியைச் சுழற்றினார். குனிந்தது கிரேன்காரரின் சாமர்த்தியம். பின்னால் டீ டம்ளரோடு நின்றது முதலடியின் தலையெழுத்து. இன்னொரு முறை, சுமை தூக்கும் இரண்டு பேர் ஒரு துண்டு யாருடையது என்று மோதப் போனார்கள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ளூர பயம். கையைக் கொஞ்சம் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று ஆளுக்கு ஒன்றாக முதலடிக்கு வைத்தார்கள். அப்புறம்தான் தைரியம் வந்தது.

இடது காது போனது சங்கத் தேர்தல் அன்று. இரண்டு கோஷ்டிகளும் கட்டையும் கையுமாக எதிரெதிரே நின்றன. யார் ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் முறைத்துக்கொண்டே நின்றதில் சிலருக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. அந்த நேரத்தில் முதலடி தொலைந்துபோன தன் செருப்பைத் தேடிக்கொண்டு இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் வந்தார். ஒரு மரச்சட்டம் பறந்து வந்து காதில் இறங்கியது. தேர்தல் களைகட்டிவிட்டது. பதினாறு பேருக்குத் தையல், இரண்டு பேருக்கு மாவுக்கட்டு. முதலடியின் இடது காது அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. செருப்பும் கிடைக்கவில்லை.

டாக்டர் வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் நைஞ்சு போன துணி மாதிரிதான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு அறை. அதுக்கப்புறம் பக்கத்துல வெடி போட்டாலும், யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சேன்னு திரும்பிப் பாக்கக்கூட மாட்டீங்க."

சாதாரண ஆளாக இருந்தால் ஒரு காதை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். முதலடியின் தொழிலே காதுதான். கிடங்கில் அவருக்கு வேலை, கட்டை கேட்பது. முழங்கை நீள இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார். ஒரு முனையைக் கட்டையில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்தால், உள்ளே புழு தின்கிறதா, எந்த ஆழத்தில் தின்கிறது, பசித்துத் தின்கிறதா பொழுதுபோகாமல் தின்கிறதா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அவர் தலையாட்டினால்தான் கட்டை லாரி ஏறும். காது போனால் அவருக்கு மிச்சமிருப்பது பட்டை உரிக்கும் மூலை. அங்கே எல்லார் கையிலும் அரிவாள். முதல் அடி வாங்குகிறவருக்கு உகந்த இடம் என்று அதைச் சொல்ல முடியாது.

முதல் அடி ஏன் எப்போதும் தன்னையே தேடி வருகிறது என்று பல வருஷங்களாக அவர் யோசித்து வந்தார். விடை ஒரு திங்கட்கிழமை ஸ்கூட்டரில் வந்தது. வனத்துறையின் பூச்சி ஆபீசர் அம்மா, கட்டைகளைப் பார்வையிட வந்தவர், ஒரு குட்டி வண்டைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார். கடுகளவுதான் இருந்தது.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு எப்படிம்மா இந்த மரம்தான்னு பாத்து வருது?" என்று முதலடி கேட்டார்.

"கண்ணால இல்ல, மோப்பம்தான். நல்லா இருக்கிற மரத்துல இறங்கினா, மரம் பிசினைத் தள்ளி வண்டை அப்படியே மூழ்கடிச்சுடும். தண்ணியில்லாம வாடின மரம், வேர்ல தண்ணி தேங்கி மூச்சு முட்டுற மரம், வெட்டிப் போட்ட கட்டை, இதெல்லாம் உள்ளுக்குள்ள புளிச்சுப் போய் லேசா சாராய வாசம் விடும். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துடும்."

"ஓ, குடிகார மரமாப் பாத்து."

"குடிச்ச மரம் இல்லைங்க, நொந்த மரம். முதல்ல ஒரு பொம்பள வண்டு வந்து துளை போடும். துளை போட்டுட்டு அது ஒரு வாசம் விடும் பாருங்க, 'எல்லாரும் வாங்க, இது நோஞ்சான், திருப்பி அடிக்காது'ன்னு. அவ்வளவுதான். அடுத்த நாளே நூத்துக்கணக்குல வந்து மொய்ச்சிடும்."

"முதல்ல ஒண்ணு," என்றார் முதலடி மெதுவாக. "அப்புறம் எல்லாம்."

"ஆமா. இடம் நிறைஞ்சதும் வேற வாசம் விடும். 'ஆள் நிரம்பியாச்சு, அடுத்த மரத்தைப் பாரு'ன்னு."

முதலடிக்கு வியர்த்துவிட்டது. தன் வாழ்க்கை வரலாற்றை யாரோ ஒரு குப்பிக்குள் போட்டு மூடி வைத்திருப்பது போல இருந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவி முன்னால் நின்றார். அவளும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தாள். ரம்பப் பட்டைக்குப் பல் தீட்டுகிறவள். கையில் எப்போதும் அரம் இருப்பதால் அவளிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

"ஏம்மா, என் மேல ஏதாச்சும் வாசம் வருதா?"

அவள் கழுத்தருகில் வந்து முகர்ந்து பார்த்தாள். "வருது."

"என்ன வாசம்?"

"'அடிச்சா வாங்கிக்குவேன்'ங்கிற வாசம். கல்யாணத்தன்னிக்கே வந்துச்சு. மேல போட்டிருந்த பூ வாசத்துல சரியாத் தெரியல."

அந்த வருஷம் விருந்துக் கட்டை வைத்த பிறகு விவகாரம் முற்றியது. விருந்துக் கட்டை என்பது கிடங்கின் பழைய ஏற்பாடு. வண்டு பறக்கும் பருவம் வந்ததும், பட்டை உரிக்காத ஒரு மட்டக் கட்டையைக் கடைசி மூலையில் தனியாகப் போடுவார்கள். துரப்பணத்தால் துளை போட்டு, நாலு நாளைக்கு ஒரு முறை ஸ்பிரிட் ஊற்றுவார்கள். ஊரில் உள்ள வண்டுகளெல்லாம் வாசம் பிடித்து அங்கே குடியேறும். குஞ்சு வெளியே வருவதற்குள் கட்டையைக் குடும்பத்தோடு கொளுத்திவிடுவார்கள். அழைத்து, உபசரித்து, உட்காரவைத்துக் கொல்லும் இந்த முறையில் கிடங்குக்காரர்களுக்கு ரொம்பப் பெருமை.

ஸ்பிரிட்டுக்குப் பொறுப்பு மேஸ்திரி. மேஸ்திரி முதலாளியின் மனைவிக்குத் தம்பி; வேறு தகுதி தேவைப்படவில்லை. ஆள் இடக்கைக்காரர். கடைசியாக அவரிடம் அறை வாங்கிய சுமைகாரர் ஒரு வாரம் கஞ்சியைக் குழல் வைத்து உறிஞ்சினார். சமீபமாக மேஸ்திரிக்குச் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லி, அரை மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்களாம். கருவி அறையில் ஆணியில் மாட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேனிலிருந்து குடிப்பார். குடிக்கக் குடிக்கக் கண் சிவக்கும். பாவம், கல் அவ்வளவு பெரியது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு நாள் காலை முதலடி கம்பியோடு சுற்றி வந்தார். விருந்துக் கட்டையில் வண்டு போட்ட துளை ஒன்றுகூட இல்லை. உள்ளே மயான அமைதி. நாலு அடுக்கு தள்ளி, ஏற்றுமதிக்கு வைத்திருந்த முதல் தரக் கட்டைகளில் ஏழில், பட்டையிலிருந்து வண்டு குடைந்த மரத்தூள் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் விருந்துக் கட்டையில் ஸ்பிரிட் ஊற்றும் துளையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்.

முதலாளி வந்தார். ஏழு கட்டையையும் பார்த்தார். கையிலிருந்த குடையைத் தன் முழங்காலில் வைத்தே ஒடித்தார். அது வலித்ததில் கோபம் இரட்டிப்பானது.

"வண்டுக்கு வெச்ச சாராயத்தை எவன்டா குடிச்சது? நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள எனக்கு ஆள் தெரியணும். தெரிஞ்சதும் கை காலை முறிச்சு கேட்டுக்கு வெளிய போடுங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்? தினம் அந்தக் கட்டைகிட்டப் போய் மூஞ்சியை வெக்கிறவன் யாரு?"

முப்பது ஜோடிக் கண்ணும் திரும்பின. "எனக்கும் அப்பவே சந்தேகம்தான்" என்றார் லாரி டிரைவர். "காதைத்தான் வெக்கிறான்னு நெனச்சோம், வாயை வெச்சிருக்கான்" என்றார் கிரேன்காரர். பட்டை உரிக்கும் மூலையிலிருந்து ஒருவர், இதற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமலே, அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார். முதல் வண்டு இறங்கிவிட்டது, வாசமும் விட்டாகிவிட்டது என்று முதலடிக்குப் புரிந்தது.

"நாளைக்குப் போகாதீங்க" என்றாள் மனைவி சாயங்காலம்.

"போகலைன்னா நான்தான் குடிச்சேன்னு ஆயிடும்."

"போனா காது போயிடும். எந்தக் கையால அடிப்பான்?"

"இடது கை."

"எதிர்ல நின்னு இடது கையால அடிச்சா உங்களுக்கு எந்தக் காதுல விழும்?"

அவர் வலது காதைத் தொட்டார். அவள் சமையலறைக்குப் போய், மாவு அளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவந்தாள். கனமான கிண்ணம். உள்ளே பஞ்சை அடைத்து அவர் வலது காதில் கவிழ்த்து, துணிப்பட்டையால் தாடையோடு சேர்த்துக் கட்டி, மேலே துண்டைச் சுற்றினாள். ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தாள். திருப்தி இல்லை. ரம்பம் தீட்டுகிற கையால் ஓங்கி ஒன்று வைத்தாள்.

முதலடி சுவரில் போய் மோதி உட்கார்ந்தார்.

"கேக்குதா?" என்றாள்.

"என்னது?"

"கேக்குதான்னு கேட்டேன்."

"கேக்குது, ஆனா நீ என்ன கேக்குறேன்னுதான் கேக்கல."

அவள் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கிடங்கே திரண்டிருந்தது. வேலை நேரத்தில் காணக் கிடைக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். முதலாளி மேசை மேல் ஏறி நின்றார். முதலடி நடுவில். மனைவி ரம்பக் கொட்டகை வாசலில் அரத்தோடு.

"என்னடா தலையில கட்டு? பல் வலியா?" என்றார் மேஸ்திரி. பஞ்சையும் தாண்டிக் கேட்கிற குரல் அது.

"இல்லைங்க. இனிமே வரப்போற வலிக்கு."

"கிண்டலா?" மேஸ்திரி சட்டைக் கையை மடித்தார். "சொல்லுடா. ஸ்பிரிட்டைக் குடிச்சது நீதானே?"

"நான் குடிக்கலைங்க. குடிச்சவர் யாருன்னு வண்டுகளைக் கேட்டா சொல்..."

முடிக்க விடவில்லை. இடது கை எழும்பி, தோள், முதுகு, முதலாளியின் மைத்துனன் என்ற உறவு எல்லாவற்றின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு முதலடியின் வலது காதில் இறங்கியது.

கணீர் என்றது. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன.

இரண்டு பேரும் விழுந்தார்கள். முதலடி சத்தமில்லாமல் விழுந்தார். மேஸ்திரி, கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, கிடங்கு அதுவரை கேட்டிராத ஒரு சுதியில் அலறினார். மூன்று விரல்கள், ஒவ்வொன்றும் அதன் விருப்பத்துக்கு ஒரு திசையில் திரும்பியிருந்தன. ஒன்றில் எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது.

"தண்ணி! என் தண்ணியை எடுங்கடா!"

கிரேன்காரர் கருவி அறைக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவர் ஓடவில்லை. கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதையே அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்தார். கேனில் ஊசித் துளையாக இருபது இருபத்தைந்து துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய தாரை. பூவாளி மாதிரி கொட்டியது. வெள்ளைப் பிளாஸ்டிக் முழுக்கக் கடுகளவு வண்டுகள். சில பாதி உடம்பைத் துளைக்குள் விட்டுச் சிக்கியிருந்தன. சில கிரேன்காரரின் முழங்கையில் மல்லாந்து விழுந்து, காலை ஆட்டிக்கொண்டு, வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்பது போலக் கிடந்தன.

லாரி டிரைவர் உள்ளங்கையை நீட்டி ஒரு தாரையைப் பிடித்தார். நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் துறையில் அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"மேஸ்திரி வீட்டுத் தண்ணி," என்றார், "ரொம்ப நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை முதலடி தரையில் கிடந்தபடி பார்த்தார். காதுக்குள் 'ஙொய்' என்ற ஒரே இரைச்சல். வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒலியில்லாத சினிமா போல ஓடியது. கிரேன்காரர் கேனாலேயே மேஸ்திரியின் மூக்கில் அடித்தார். மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. டிரைவர் முழங்காலை விலாவில் இறக்கினார். கஞ்சி உறிஞ்சிய சுமைகாரர், தாடைக்குத் தாடை என்று குறி வைத்து, இரண்டு பல்லை வெளியே எடுத்தார். விடுப்பு கிடைக்காதவர், வசவு வாங்கியவர், எதுவும் வாங்காமல் சும்மா பார்க்க வந்தவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். தெருமுனை டீக்கடைக்காரர் ஓடிவந்து ஒருவரின் தோளைத் தட்டி ஏதோ கேட்டார். பதில் கிடைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தார். கொஞ்ச நேரத்தில் வட்டம் நெருக்கமாகிப் புதிதாக வந்தவர்களுக்கு மிதிக்க இடமில்லை. இவ்வளவு தூரம் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாகிவிட்டது, சும்மா இறக்க முடியுமா? வெளிவட்டத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறைந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். 'ஆள் நிரம்பியாச்சு' என்று முதலடி நினைத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டாவது அடிதடி இப்படி முடிந்தது. முதல் அடி யார் மேல் விழுந்தது என்பதில் மாற்றமில்லை.

ஆனால் இரைச்சல் நிற்கவில்லை. முதல் நாள் நிற்கவில்லை, இரண்டாம் நாளும் இல்லை. மனைவி பின்னால் நின்றுகொண்டு, அவர் குடும்பத்தில் ஒருவர் விடாமல் வரிசையாகத் திட்டிப் பார்த்தாள். சித்தப்பாவைச் சொன்னால் நிச்சயம் திரும்புவார். திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கிண்ணத்தைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். தான் கட்டிய கிண்ணம்தான் காதைக் கெடுத்துவிட்டது என்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இல்லை என்று தலையாட்டினார். நிச்சயமாக அவருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனார். ஏழு கட்டைகளையும் கொளுத்தியாகிவிட்டது. மிச்சமிருந்த அடுக்கில் முதல் கட்டையில் கம்பியை ஊன்றிக் காதில் வைத்தார். இரைச்சல். இரண்டாவது கட்டை. இரைச்சல். முதலாளி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதும், பட்டை உரிக்கும் மூலையில் ஒரு அரிவாள் சும்மா சாய்ந்து கிடப்பதும் தெரிந்தது. ஒன்பதாவது கட்டையில் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சலுக்கு அடியில், ரொம்ப அடியில், யாரோ காய்ந்த ரொட்டியை ரகசியமாகக் கடிப்பது போல ஒரு சத்தம். கறுக். கொஞ்சம் விட்டு, கறுக்.

முதலடி அந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதார். புழு பாட்டுக்குத் தின்றது.

அப்போதுதான் இன்னொரு சத்தமும் கேட்டது. பட்டை மூலையிலிருந்து 'பளார்' என்று ஒன்று. பிறகு காலடிகள், பல பேருடைய காலடிகள், அவசரமில்லாமல், நாலு பக்கத்திலிருந்தும்.

முதலாளி மைத்துனரை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது. பட்டை உரிக்கும் மூலைக்கு மாற்றியிருந்தார். இடது கையில் மாவுக்கட்டு, கோணிய மூக்கு, இரண்டு பல் குறைச்சலாக மேஸ்திரி அங்கே முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். அன்று காலையிலிருந்து இது மூன்றாவது அறை. யார் அடித்தாலும் அவர் வாங்கிக்கொண்டார்.

முதலடி கூட்டத்துக்குள் நுழைந்தார். கூட்டம் மரியாதையாக வழி விட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறை. "வாங்கண்ணே, நீங்களும் ஒண்ணு வெச்சுட்டுப் போங்க" என்றார் டிரைவர். முதலடி ரொம்ப யோசிக்கவில்லை. ஒன்று வைத்தார். நல்ல கனமான அறை. பதினெட்டு வருஷம் சேர்த்து வைத்தது. மேஸ்திரியின் கோணிய மூக்கு இன்னும் கொஞ்சம் கோணியது. மேஸ்திரியிடமிருந்து வியர்வையும் மருந்தும் கலந்து புளித்தாற்போல ஒரு வாசம் அடித்தது. அந்த வாசம் முதலடிக்கு ரொம்பப் பழக்கமானது.

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு, ஒரு பக்கம் நெளிந்துபோன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தார்.

"இந்தாங்க மேஸ்திரி, கட்டிக்குங்க. உள்ள பஞ்சு நிறைய வைக்கணும். எந்தக் காதுன்னு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிடுங்க. ரெண்டையும் காப்பாத்த முடியாது."

மேஸ்திரி வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லப் பல் ஒத்துழைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, மாவு அளக்குற கிண்ணம் எங்க? பையிலதான வெச்சிருந்தீங்க?"

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. முதலடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது சமையலறைப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டார்.